ரூன்ஸ்கேப் கவசங்கள்: பல வருடம் அணிந்து ஆடியதில் தெரிந்தவை

ரூன்ஸ்கேப் 2001இல் வந்தபோது பிரௌசருக்குள்ளேயே ஜாவாவில் ஓடிய விளையாட்டு. அதன் 2007ஆம் ஆண்டு வடிவத்தை 2013இல் ‘ஓல்ட் ஸ்கூல்’ என்று தனியாகத் திறந்தார்கள். நான் ஆடுவது அதில்தான். கவசம் என்றதும் எல்லோரும் வரிசையைச் சொல்வார்கள்: வெண்கலம், இரும்பு, ஸ்டீல், கறுப்பு, மித்ரில், அடமண்ட், ரூன், டிராகன். லெவல் ஏறினால் அடுத்ததை வாங்க வேண்டியது. எனக்கு வரிசையைவிடப் பிடித்தது, அந்தக் கவசம் வேலை செய்யும் விதம்.

இங்கே சாதாரண உலோகக் கவசம் அடியின் பலத்தைக் குறைப்பதில்லை. அடி விழுமா விழாதா என்பதைத்தான் மாற்றுகிறது. எதிரி ஓங்கி வெட்டுவான், நீல நிறத்தில் ஒரு பூஜ்யம் வந்து போகும். அடுத்த வெட்டு விழுந்தால் முழுசாக வலிக்கும். நிஜத் தகட்டுக் கவசமும் ஏறக்குறைய இப்படித்தான். 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் நல்ல மார்புக் கவசத்தை வாளால் வெட்ட முடியாது. வாள் வழுக்கிப் போகும். அதனால்தான் அக்குள், முழங்கையின் உட்புறம், முகமூடியின் பிளவு என்று இடைவெளி பார்த்துக் குத்தினார்கள். கவசம் தாங்கும், அல்லது இடைவெளியில் கத்தி இறங்கும். அந்தப் பூஜ்யத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆனால் சங்கிலிக் கவசத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ரூன் பிளேட்பாடிக்கு (உடம்புக்கான தகட்டுக் கவசம்) தற்காப்புப் புள்ளிகள் குத்தில் 82, வெட்டில் 80, நசுக்கும் அடியில் 72. சங்கிலிக் கவசமான ரூன் செயின்பாடிக்கு அதே வரிசையில் 63, 72, 78. குத்துக்குச் சங்கிலி பலவீனம் என்பது சரி, கூர்முனை வளையத்தைப் பிளந்துவிடும். ஆனால் கதாயுதத்துக்குத் தகட்டைவிடச் சங்கிலி மேல் என்பது தலைகீழ். வளையங்கள் மடங்கிக் கொடுக்கும். அடியின் வேகம் நேராக எலும்புக்குப் போகும். அதைத் தாங்கத்தான் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி போட்டார்கள். அந்த அங்கிக்கு விளையாட்டில் இடமே இல்லை. கதாயுதக்காரனோடு மோதப் போகும்போது பிளேட்பாடியைக் கழற்றிவிட்டு செயின்பாடி மாட்டுவது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

கேடயமும் அப்படியே. வால் நீண்ட கைட் கேடயம் 11, 12ஆம் நூற்றாண்டுக் குதிரை வீரனுடையது. உடம்பு முழுக்கத் தகடு வந்த பிறகு பெரும்பாலான வீரர்கள் கேடயத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஆயுதம் பிடித்தார்கள். இங்கே இரண்டும் ஒரே செட். பார்க்க அழகு, அதனால் பெரிதாகக் குறை சொல்ல மனசு வரவில்லை.

இந்த விளையாட்டின் நிஜமான பலம், கவசத்துக்கு ஒரு விலை வைத்ததுதான். ரூன் பிளேட்பாடி மாட்டினால் மந்திரத் தாக்குதலில் 30 குறையும், மந்திரத்தைத் தடுக்கவும் உதவாது. வாள்காரன் வில்லாளியை வெல்வான், வில்லாளி மந்திரவாதியை, மந்திரவாதி வாள்காரனை. அதனால் முழு ரூனில் மினுங்கிக்கொண்டு நிற்பவன்தான் மந்திரவாதிக்கு முதல் இரை. எங்கே போகிறோம், யாரோடு மோதப் போகிறோம் என்று யோசித்து உடுத்த வேண்டியிருக்கிறது. எடையும் கணக்கில் வரும். கனமாகப் போட்டால் ஓடும் சக்தி சீக்கிரம் தீரும்.

கொல்லன் வேலையில்தான் ஏமாற்றம். டிஃபென்ஸ் என்ற தற்காப்புத் திறனில் லெவல் 40ஐ எட்டி, டிராகன் ஸ்லேயர் என்ற குவெஸ்டை (கதைப் பணியை) முடித்திருந்தால் ரூன் பிளேட்பாடியை அணியலாம். அதை அடிக்க ஸ்மிதிங் என்ற கொல்லன் திறனில் லெவல் 99 வேண்டும். அந்த லெவலை எட்டும் ஆளுக்கு அது எப்போதோ தேவைப்படாமல் போயிருக்கும். ஐந்து உலோகக் கட்டி, ஒரு கவசம், யாருக்கும் பொருந்தும். மிலானிலும் ஆக்ஸ்பர்க்கிலும் சிறந்த கவசங்களை ஆளுக்கு அளவெடுத்து அடித்தார்கள். அதில் ஒரு சாயல்கூட இங்கே இல்லை.

பாரோஸ் என்ற உயர்நிலைக் கவசம் வேறு மாதிரி. 70 டிஃபென்ஸ் கேட்கும். 15 மணி நேரம் சண்டை போட்டால் தேய்ந்துவிடும். விளையாட்டில் வரும் லம்பிரிட்ஜ் ஊரில் பாப் என்ற கடைக்காரரிடம் காசு கொடுத்துப் பழுது பார்க்கலாம். சிலருக்கு இது தொல்லை. எனக்கு ரூன் செட்டுக்கும் இதே மாதிரி ஒரு சின்னப் பழுதுச் செலவு இருந்தால் நன்றாக இருக்கும், அதுவும் நம் ஸ்மிதிங் லெவலை வைத்து நாமே சரிசெய்கிற மாதிரி.