பிரெஞ்சு பார்மசியில் குனிந்து பார்க்க வேண்டிய தட்டு

பாரிஸில் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணுக்கு நேரே நிற்பது முகத்தில் பூசும் சீரம் வரிசைதான். 30 மில்லி குப்பி, விலை பெரும்பாலும் 30 யூரோவைத் தாண்டும். பணம் மிச்சமாகும் சரக்கு அங்கே இல்லை. அது கீழ்த்தட்டிலும், குழந்தைகள் பகுதியிலும், கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் இழுப்பறையிலும் கிடக்கிறது. வருடக்கணக்கில் பயன்படுத்தும்போது எது நிற்கிறது, எது பல்லிளிக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் விலை. அரசுக் காப்பீடு பணம் திருப்பித் தரும் மருந்துகளுக்குத்தான் பிரான்ஸில் நிர்ணய விலை. முகப்பூச்சு, சன்ஸ்கிரீன், ஷாம்பு எல்லாம் கடைக்காரர் வைத்ததே விலை. அதனால் ஒரே குப்பி இரண்டு தெரு தள்ளி மூன்று நான்கு யூரோ குறைவாகக் கிடைப்பது சாதாரணம். பாரிஸ் 6-ஆம் வட்டாரத்தில் ரூ டு ஃபோர் தெருவின் சிட்டிபார்மா, 5-ஆம் வட்டாரத்தின் பார்மசி மோன்ஜ் இரண்டும் மலிவுக்குப் பேர்போனவை. சனிக்கிழமை மாலை போனால் கூட்டத்தில் நசுங்குவீர்கள்; வாரநாள் காலைதான் தோது. ‘பாராபார்மசி’ என்று பலகை இருந்தால் அங்கே மருந்து கிடைக்காது, சருமப் பொருட்கள் மட்டும். லெக்லேர் பேரங்காடிகளுக்குள் இருக்கும் பாராபார்மசியின் விலை நகர மையத்துக் கடைகளைப் பல சமயம் தோற்கடித்துவிடும். இரண்டு குப்பியைச் சேர்த்துக் கட்டிய ‘டுவோ’ பொதி கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிடாதீர்கள். 100 மில்லிக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டு, பக்கத்தில் உள்ள பெரிய குப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயோடெர்மா சென்சிபியோ எச்2ஓ, இளஞ்சிவப்பு மூடி, 500 மில்லி. மேக்கப் துடைக்கும் மைசெல்லர் நீர் என்ற வகையையே பிரபலமாக்கிய பொருள் இது. பாரிஸ் குழாய்த் தண்ணீர் கடினநீர். கெண்டியில் சுண்ணாம்பு படிவது போலவே, கழுவிய முகத்தையும் இழுத்துப் பிடிக்கும். தண்ணீரில்லாமல் முகம் துடைக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். நீரில் கரைந்துள்ள மென்மையான சோப்பு மூலக்கூறுகள் சிறு உருண்டைகளாகக் கூடி, எண்ணெயையும் மேக்கப்பையும் தமக்குள் இழுத்துக்கொள்ளும். பஞ்சை நன்றாக நனைத்துக் கண்ணிமை மேல் 15 விநாடி வைத்துவிட்டு ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கன்னம் சிவப்பதற்குத் திரவத்தை விட பஞ்சின் உராய்வுதான் காரணம். இரவுக்கு இரண்டு பஞ்சு, சுமார் 5 மில்லி என்றால் ஒரு குப்பி நூறு நாள் வரும்.

‘கழுவத் தேவையில்லை’ என்று குப்பியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்தச் சோப்பு மூலக்கூறுகள் முகத்திலேயே தங்கிவிடும். சில வாரத்தில் சிலருக்கு வறட்சியும் மெல்லிய அரிப்பும் வரும். ஒரு கை தண்ணீர் போதும். வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவும், அழுத்தமாகப் போட்ட காஜலும் இதில் முழுசாகப் போகாது. அவற்றுக்கு முதலில் எண்ணெய் வேண்டும். எண்ணெய் வழியும் சருமத்துக்குப் பச்சை மூடி செபியம், ஈரம் குறைந்த சருமத்துக்கு நீல மூடி ஹைட்ராபியோ. அவசரத்தில் நிறம் மாற்றி எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அந்த எண்ணெய் வேலைக்கு மலிவான விடை குழந்தைகள் பகுதியில் இருக்கிறது: லினிமான் ஒலேயோ-கல்கேர். டயப்பர் மாற்றும்போது குழந்தையைத் துடைக்கப் பிரெஞ்சுத் தாய்மார் தலைமுறையாக வைத்திருப்பது. சேர்மானம் ஆலிவ் எண்ணெயும் சுண்ணாம்புத் தெளிநீரும், ஏறக்குறைய சரிபாதி. நம்மூரில் தீப்புண்ணுக்குத் தேங்காய் எண்ணெயில் சுண்ணாம்புத் தெளிநீர் அடித்துப் பூசுவார்களே, அதன் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு, எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கொஞ்சம் சோப்பாகிறது. எண்ணெயும் நீரும் கலந்து நிற்பது அந்தச் சோப்பால்தான். தேன்மெழுகு போன்ற நிலைப்படுத்தி சேர்க்காத வகை குப்பியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, குலுக்கினால் சரியாகிவிடும். கெட்டுப்போனால் மூக்கு சொல்லிவிடும்: பழைய எண்ணெயின் சிக்கு வாடை. வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் சீக்கிரமே வரும்.

முகத்துக்கு இரண்டு பம்ப் எடுத்து, உலர்ந்த முகத்தில் விரலால் ஒரு நிமிடம் தடவி, ஈரத்துணியால் துடைத்து, பிறகு முகம் கழுவும் ஜெல் போட்டுக் கழுவ வேண்டும். இது காரத்தன்மை உள்ளது. சருமமோ இலேசான அமிலத்தன்மை கொண்டது. குழந்தையின் தோலில் விட்டுவிடுவது போல முகத்தில் இரவு முழுக்க விட்டால் பருவும் எரிச்சலும் வர வாய்ப்பு அதிகம். கண்ணுக்குள் போனாலும் எரியும். 500 மில்லிக்குக் கொடுக்கும் காசைப் பார்த்தால் இதை மிஞ்சும் மேக்கப் துடைப்பான் அந்தக் கடையில் இல்லை.

லா ரோஷ்-போசேயின் சிகாப்லாஸ்ட் போம் பி5: 40 மில்லி டியூப் ஒன்று வீட்டில் இருந்தால் பல குப்பிகள் வேண்டாம். 5 சதவீதம் பாந்தெனால் (வைட்டமின் பி5 வகை), ஷியா வெண்ணெய், துத்தநாகம், வல்லாரையிலிருந்து எடுக்கும் மடெகாசோசைட். ஜலதோஷத்தில் உரிந்த மூக்கு நுனி, வெடித்த உதட்டோரம், ரெட்டினால் (வைட்டமின் ஏ வகைப் பூச்சு) போட்டுக் காய்ந்த கன்னம் எல்லாவற்றுக்கும் உதவும். கிரீம் போல இழுத்துத் தேய்த்தால் மாநிறத்தில் வெள்ளை பூத்து நிற்கும். விரல்களுக்கிடையில் சூடாக்கி ஒற்றுங்கள். பரு வரும் சருமத்தில் தினமும் முகம் முழுக்கப் பூசினால் சிறு சிறு பொரிகள் எழும்பலாம். காய்ந்த இடத்துக்கு மட்டும் போதும். அவென் கம்பெனியின் சிகல்ஃபாத் கிரீம் செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். இரண்டும் சேர்த்து வாங்குவது வீண்.

ஏ313 பொமாத் வேறு ரகம். வைட்டமின் ஏ களிம்பு, 50 கிராம் டியூப். மருந்துச் சீட்டு வேண்டாம், ஆனால் மருந்து என்பதால் பார்மசி கவுன்டரில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வாசலின் போல ஒட்டும். சீரத்துக்கு இணையான நளினத்தை எதிர்பார்க்காதீர்கள். முகம் கழுவி 20 நிமிடம் காயவிட்டு, ஒரு பட்டாணி அளவை முகம் முழுவதற்கும். முதல் மாதம் மூன்று இரவுக்கு ஒருமுறை. கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் தவிர்க்கவும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: இரண்டாம் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று தினமும் பூச, தோல் உரியும். வெள்ளைத் தோலில் அந்தச் சிவப்பு ஆறிவிடும். நம் நிறத்திலோ எரிச்சல் ஆறிய இடம் கரும்புள்ளியாகி மாதக்கணக்கில் நிற்கும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடவே கூடாது. பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம்.

சன்ஸ்கிரீன் டியூப்பில் வட்டத்துக்குள் யுவிஏ (தோலில் ஆழமாக இறங்கும் புற ஊதாக் கதிர்) என்று எழுதியிருந்தால், யுவிஏ பாதுகாப்பு, டியூப்பில் உள்ள எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது உண்டு என்று பொருள். கரும்படலம் உள்ளவர்களுக்கு ‘தான்தே’, அதாவது நிறம் சேர்த்த வகை நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு மறிக்கிறது. மாநிறத் தோலைக் கருக்குவதில் அந்த ஒளிக்கும் பங்குண்டு. குறை என்னவென்றால், பல கம்பெனிகளில் ஒரே ஒரு நிறம்தான், அதுவும் வெள்ளைத் தோலுக்கு. நம் முகத்தில் சாம்பலாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். புறங்கையில் பார்க்காமல் தாடையோரம் பூசி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

விட்டுவிடலாம் என்று சொல்லக்கூடியவை: வெந்நீரூற்றுத் தண்ணீர் ஸ்பிரே. அழுத்தக் குப்பியில் அடைத்த தண்ணீர், அவ்வளவுதான். அடித்ததைத் தானாகக் காயவிட்டால் இன்னும் வறண்டுபோகும். இரண்டு நிமிடத்தில் ஒற்றி எடுத்து மேலே கிரீம் பூச வேண்டும். அம்பிரியோலிஸ் லே-கிரீம் என்ற ஈரப்பதக் கிரீம், பாரிஸ் குளிரில் மேக்கப்புக்கு அடியில் அருமை. பாரஃபினும் தேன்மெழுகும் உள்ளதால் சென்னைப் புழுக்கத்தில் முகம் நெய் தடவியது போல மினுங்கும். ஓமியோபிளாஸ்மீன் களிம்பை உதட்டுக்குப் புகழ்கிறார்கள். அதில் போரிக் அமிலம் இருக்கிறது. தினமும் நக்கி விழுங்கும் இடத்துக்கு ஏற்றதல்ல, குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் ‘தெத்தாக்ஸ்’, அதாவது கட்டிய வரியைத் திருப்பித் தரும் வசதி, கேட்கலாம். வரி 20 சதவீதம் என்றாலும் கமிஷன் போகக் கைக்கு வருவது 12 சதவீதம் அளவில்தான். 71 யூரோ பில்லை 100-ஐத் தாண்ட வைக்க 30 யூரோவுக்குச் சீரம் சேர்த்தால் திரும்புவது சுமார் 12 யூரோ, நஷ்டம் சுமார் 18. பணம் கட்டும்போதே பாஸ்போர்ட் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன் பாப்லோ என்ற இயந்திரத்தில் அந்தப் படிவத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். பொருட்கள் பிரிக்காமல் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

100 மில்லிக்கு மேற்பட்ட குப்பிகள் கைப்பையில் போகாது என்பதால் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். லினிமான் பம்ப் கட்டாயம் கசியும். பம்பைக் கழற்றித் தனியே வைத்து, வாய்க்குப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியை இறுக்கி, உறையில் கட்டுங்கள். ஊருக்கு வந்து திறக்கும் நாளன்று தேதியைப் பேனாவால் குப்பி மேலேயே எழுதிவிடுங்கள். திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று இருக்கும் எண், அன்றிலிருந்து எண்ண வேண்டிய மாதங்கள்.