தாமினி ஆப்: காசிமேடு, எண்ணூர்க்காரர்களுக்கு எவ்வளவு உதவும்?

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய இலவச ஆப் தாமினி. மின்னல் விழுந்த இடத்தை சென்சார்கள் கண்டுபிடித்துச் சொல்ல, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 கி.மீ., 40 கி.மீ. என்று கணக்கு வைத்து, கடைசி 5, 10, 15 நிமிடங்களில் விழுந்ததைப் பிரித்துக் காட்டும். வயலில் நிற்பவருக்கு இது போதும். தண்ணீரில் இருப்பவருக்கு 20, 40 என்ற எண்களை வேறு மாதிரி படிக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாயங்காலமும் ராத்திரியும் வரும் இடிமழை பெரும்பாலும் திருவள்ளூர் பக்கம் கிளம்பி, கிழக்கே நகர்ந்து கடலில் இறங்கும். மணிக்கு 30 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபர் படகு 15 கி.மீ. வேகத்தில் ஓடினால், 10 கி.மீ. தள்ளி இருப்பவர் கரை சேர 40 நிமிடம் ஆகும். அந்த 40 நிமிடத்தில் மேகமும் 20 கி.மீ. எதிரே வந்துவிடும். ஆகவே 20 கி.மீ. எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பினால், காசிமேட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும் முன்பே, கடலிலேயே தலைக்கு மேல் இடி இடிக்கும். படகுக்காரருக்கு 40 கி.மீ.தான் எச்சரிக்கை. 20 என்று காட்டினால் நேரம் கடந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் மேகம் கடல் பக்கமிருந்தே வரும், அப்போது இந்தக் கணக்கு தலைகீழ்.

பெரிய குறை, ஆப்புக்கு டேட்டா வேண்டும். கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக சிக்னல் விட்டுவிட்டு வரும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வந்த படம் திரையில் அப்படியே நின்றால் ஆபத்து இல்லை என்று நம்பிவிடுவோம். அதனால் வலையை ஏற்றும் முன் ஒரு தடவை, சிக்னல் அறுபடும் இடத்தில் ஒரு தடவை பாருங்கள். அதற்கு அப்பால் விஹெச்எஃப் செட்டும் (படகு ரேடியோ) காதும்தான். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவில் 3 விநாடிக்கு 1 கி.மீ. என்று எண்ணுங்கள். 30 விநாடிக்குள் சத்தம் கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மறுபடி இறங்கக் கூடாது.

மின்னல் கடலில் விழுந்தால் மீனெல்லாம் செத்து மிதக்கும் என்பது கரையோரப் பேச்சு. அப்படி நடப்பதில்லை. சாதாரண மின்னலின் 30,000 ஆம்பியர் கரண்ட் கடல்நீரில் மேல்பரப்பை ஒட்டியே பரவி நீர்த்துப் போகும். எளிய கணக்கில், விழுந்த இடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி மீட்டருக்கு 10 வோல்ட் அளவுதான். மேல்மட்டத்தில் இதைவிடக் கூடும், ஆழத்தில் குறையும். அடியில் திரியும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. மேலே மேயும் மத்தியோ மடவையோ பக்கத்தில் இருந்தால் மாட்டும்.

புழல் ஏரி வேறு கதை. நல்ல தண்ணீர் கடல்நீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு மோசமாகக் கடத்தும் என்று வைத்தால், அதே 10 மீட்டரில் மீட்டருக்கு 1,000 வோல்ட் நிற்கும். போதாக்குறைக்கு, உடம்பு அந்தத் தண்ணீரைவிட நன்றாகக் கடத்துவதால் கரண்ட் உடம்பு வழியே புகும். கடலில் உடம்பைச் சுற்றிப் போய்விடும். அதனால் ஏரியில் குளிப்பவருக்கும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கலந்த எண்ணூர் முகத்துவாரத்தில் நண்டு பிடிப்பவருக்கும் ஆப் அதிகம் உதவும். சிக்னலும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் கடலில் நீந்துபவரும் தப்பித்தார் என்று அர்த்தமில்லை. சமமான நீர்ப்பரப்பில் வெளியே நிற்கும் தலைதான் உயரமான பொருள். நேரடியாக விழாவிட்டாலும் ஒரு நொடி மயங்கினால் மூழ்க வேண்டியதுதான்.

மழை விட்ட காலையில் ஓடையில் மீன் மிதந்தால் மின்னல் மேல் பழி போட வேண்டாம். வாயைப் பிளந்து, செவுளை விரித்து, பெரிய மீன் முதலில் செத்து, நீளத்துக்கும் பரவிக் கிடந்தால், கழிவும் சேறும் கிளம்பி ஆக்சிஜன் போனதுதான் காரணம். மின்னல் அடித்தால் ஓரிடத்தில் திட்டாகக் கிடக்கும்.

ஆப்பைப் போனில் போட்டதும் லொகேஷனை ஆன் செய்து, பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து ஆப்பை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பல போன்கள் பின்னணியில் அதை நிறுத்திவிடும், எச்சரிக்கை வராது. அதிகம் பேர் கோட்டைவிடுவது இதில்தான். போனை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போடுங்கள்.

கடலில் மாட்டிக்கொண்டால் ஆன்டெனாவையும் கம்பிகளையும் சாய்த்து, எஞ்சின், உலோகப் பிடி, ஈரக் கயிறு எதையும் தொடாமல், படகின் நடுவில் தாழ்வாக உட்காருங்கள். யாராவது அடிபட்டால் உடம்பில் கரண்ட் தங்காது, உடனே தொடலாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட்டு, கரையில் 108, கடலில் கடலோரக் காவல்படையின் 1554.

ஆப்புக்கு என் மதிப்பெண்: ஏரிக்கும் ஓடைக்கும் ஐந்துக்கு நான்கு, ஃபைபர் படகுக்கு இரண்டரை.