பார்டோக்கா, கோடாயா?

பேலா பார்டோக், ஸோல்தான் கோடாய்னு ஹங்கேரி இசையமைப்பாளர்கள் ரெண்டு பேரும் ஃபோனோகிராஃப தூக்கிட்டு ஹங்கேரி கிராமம் கிராமமா போய் விவசாயிங்க பாடுறத மெழுகு உருளைல பதிவு பண்ணவங்க, 1906லயே சேர்ந்து நாட்டுப்பாட்டு தொகுப்பும் போட்டாங்க. அப்புறம்தான் பாதை பிரிஞ்சது. கோடாய் புடாபெஸ்ட்லயே இருந்துட்டார், 1967ல சாகுற வரைக்கும். ஸ்கூல் பிள்ளைங்க எல்லாரும் பாடணும்ங்கறதுதான் அவருக்கு உயிர், கைச் சைகையால சுரம் சொல்லிக்கொடுக்கிற முறை உலகம் முழுக்க பரவினது அவர் பேர்லதான். பார்டோக் நாஜி ஆதரவு பக்கம் சாய்ஞ்ச நாட்டை விட்டு 1940ல அமெரிக்கா போயிட்டார், ரத்தப் புற்றுநோயோடவே மூணாவது பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு) எழுதினார், கடைசி 17 பார் (தாளக் கட்டம்) மட்டும் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி முடிக்கறதுக்குள்ள 1945ல நியூயார்க்ல போய் சேர்ந்துட்டார், நினைச்சாலே மனசு கனக்குது. அந்த கான்செர்ட்டோவோட ரெண்டாவது மூவ்மெண்ட் (பகுதி) நடுவுல பறவைச் சத்தமெல்லாம் வரும், அப்படியே உருக்கிடும். புதுசா கேக்குறவங்களுக்கு கோடாயோட ஹாரி யானோஷ் சூட்தான் (ஆர்கெஸ்ட்ரா துண்டுகளோட தொகுப்பு) ஈஸி, ஆனா என் ஓட்டு பார்டோக்குக்குத்தான்.