காலையில் எழாத காப்பியர்: கெப்பாசிட்டர் மாற்றுவதா, பழைய போர்டு வாங்குவதா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் ஆடிட்டிங் ஆபீஸ் காப்பியர் (ஜெராக்ஸ் மெஷின்) போன மார்கழியில் ஒரு வியாதியை இழுத்துக்கொண்டது. காலையில் சுவிட்சைப் போட்டால் உயிரே வராது. நாலைந்து தடவை போட்டு அணைத்தால் எழுந்துகொள்ளும். அப்புறம் சாயங்காலம் வரை ஒரு குறை சொல்ல முடியாது. மெக்கானிக் வருகிற நேரத்தில் மட்டும் பரம சாது.

செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுவது, வேறு பவர் கார்டு போட்டுப் பார்ப்பது, முன்கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான். எங்களுக்கு எதுவும் உதவவில்லை. எஸ்.பி. ரோடு மெக்கானிக் ஒருவர் மெஷினை அணைத்து, மூடியைக் கழற்றி, உள்ளே மின்சாரம் கொடுக்கும் பவர் போர்டின் மீது ஹேர் டிரையரால் வெந்நீர்ப் பதத்துக்குச் சூடு காட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். முதல் தடவையே எழுந்தது. அந்த போர்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் சிறு டப்பாக்கள்தான் கெப்பாசிட்டர்கள். உள்ளே மின்கரைசல் காய்ந்துபோன கெப்பாசிட்டர் குளிரில் மக்கர் பண்ணும், சூடேறினால் தேறிவிடும். பெங்களூர் மார்கழிக் காலை அதற்குப் போதும்.

புது போர்டின் விலை கேட்டதும் அந்தப் பேச்சை விட்டோம். மிஞ்சியது இரண்டு வழி: கழித்துக்கட்டிய மெஷினிலிருந்து எடுத்த போர்டு 5,500 ரூபாய், எங்கள் போர்டிலேயே கெப்பாசிட்டர்களை மாற்றினால் 1,800. பழைய போர்டு ஒரு மணி நேரத்தில் பொருந்திவிடும், மற்றதற்கு இரண்டு நாள் ஆகும். ஆபீஸில் எல்லோரும் பழைய போர்டு பக்கம்தான். நானும்தான், மெக்கானிக் இப்படிச் சொல்லும் வரை: “சார், அதுவும் இதுக்குக் கூடப்பிறந்ததுதானே.”

விஷயமே அந்த வயதில்தான் இருக்கிறது. கெப்பாசிட்டர் தேய்வது பிரதி எடுத்த கணக்கில் அல்ல, சூட்டில் கழித்த மணிக்கணக்கில். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சுவரில் சுவிட்ச் போட்டபடி இருந்தால், மெஷின் தூங்கும்போதும் போர்டின் ஒரு பகுதி ராத்திரி பகலாக விழித்தே இருக்கும். ஆக, நம் மெஷின் வயதே உள்ள இன்னொன்றிலிருந்து கழற்றிய போர்டை வாங்கினால், காசு கொடுத்து அதே வியாதியை வாங்கலாம். இன்னொரு வம்பு: வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட்ஹேண்ட் மெஷினின் போர்டு 110 வோல்ட் ரகமாக இருக்கக்கூடும். லேபிளில் 220–240 என்று இருக்கிறதா பாருங்கள்.

அதனால் நாங்கள் கெப்பாசிட்டர்களையே மாற்றினோம்; என் யோசனையும் அதுதான். ஆனால் அதிலும் கறார் வேண்டும். அதே மைக்ரோஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குவது, லோ ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த) ரகம். மலிவானதைப் போட்டால் மறுபடி இதே கதைதான். வீட்டில் செய்து பார்க்கிற வேலையும் இல்லை. பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். போர்டு கருகியிருந்தால் மட்டும் என் யோசனையை விட்டுவிட்டுப் பழைய போர்டையே தேடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே காசு கொடுக்கவில்லை. ராத்திரி முழுக்க அணைத்து வைத்து, காலையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தோம். சூடாக இருக்கும்போது ஓடிக் காட்டுவது இந்த நோய்க்குச் சான்று ஆகாது.

தை பிறந்த கையோடு சரிசெய்தது, எட்டு மாதமாக ஒரே தட்டில் எழுகிறது. ஆனால் முழு மார்கழியை இன்னும் பார்க்கவில்லை.