ஆளில்லாத வீட்டில் எண்பது யூனிட்

ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் இந்த முறை சொக்லேட்டோடு ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டுவந்தான். அக்காவின் மூத்தவன், வயது இருபத்திமூன்று. பெட்டிக்குள் பேய் தேடுகிற சாமான்கள். அங்கே சனி ஞாயிறுகளில் சிநேகிதர்களோடு பாழடைந்த வீடுகளுக்குப் போய் வீடியோ எடுப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்காம். "யாழ்ப்பாணத்தில விடுபட்ட வீடுகள் நிறைய இருக்கே மாமா, ரெண்டு கிழமை காணாது" என்றான். விடுபட்ட வீடுகள் ஏன் அவ்வளவு இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே அப்படிச் சொல்கிற வயது.

நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். கரண்ட் இல்லாத ஊரில் வயரிங் பழகியவன் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். உண்மைதான். தொண்ணூறில், சண்டைக் காலத்தில், போன கரண்ட் பல வருடம் திரும்பி வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு, அந்த ரேடியோக்களைத் திருத்தித்தான் தொழிலுக்கு வந்தேன். ஆகவே இதை ஒரு வயர்மன் எழுதும் மதிப்புரையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் முக்கியமான சாமான் மின்காந்தப் புலம் அளக்கிற மீட்டர். பேய் தேடுகிறவர்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கிறார்களே, கே-டூ என்ற ஒன்று, அதைப் பார்த்துச் செய்த நகல். செய்த ஆளின் பெயர் எங்கும் இல்லை. எங்கள் காசுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வந்ததாம். ரீவி ரிமோட் அளவு. நுனியில் ஐந்து லைட்: பச்சை, இளம்பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. ஒன்பது வோல்ட் சதுரப் பட்டரி. அமத்தினால் முதல் பச்சை எரியும், அது மீட்டர் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும். ஒன்றரை மில்லிகாஸ் (காந்தப்புலத்தை அளக்கிற அலகு) தாண்டினால் இரண்டாவது, இரண்டரைக்கு மஞ்சள், பத்துக்குச் செம்மஞ்சள், இருபதுக்கு மேல் சிவப்பு. வீட்டில் மின்சாமான்களைச் சுற்றி எவ்வளவு புலம் இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த வகை மீட்டர் வந்தது. பேய்க்காரர் கைக்குப் பிறகுதான் போனது.

முதல் நாளே கழற்றிப் பார்த்தேன். மருமகனுக்கு முகம் சுண்டிவிட்டது. உள்ளே குட்டிச் சுருள் ஒன்று, ஒரு ஐசி, ஐந்து லைட், கொஞ்சம் ரெசிஸ்டர். ஈயம் வைத்த விதம் சுமார். பட்டரி வயர் தலைமயிர் போல மெல்லிசு, இரண்டு தரம் மூடியைத் திறந்தால் அறுந்துவிடும். (அறுந்தது. ஒட்டிக் கொடுத்தேன்.) ஒரு சுருள்தான் இருப்பதால் ஒரு திசையில்தான் வடிவாக அளக்கும். பிரிட்ஜின் பின்பக்கத்தில் பிடித்தேன், சிவப்பு. அதே இடத்தில் மீட்டரைப் பக்கவாட்டில் திருப்பினேன், பச்சைக்கு இறங்கிவிட்டது. பிரிட்ஜ் அசையவில்லை, என் மணிக்கட்டுத்தான் திரும்பியது. "பேய் வந்திட்டுப் போட்டுது" என்று வீடியோவில் சொல்கிற இடங்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு கோளாறு, இதுதான் பெரிசு. பொத்தானை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் நின்றுவிடும். விரல் நோகும் என்று பேய்க்காரர் நாணயத்தைச் செருகிவிடுகிறார்கள். எங்கள் ஆள் ஐந்து ரூபாய்க் குத்தி ஒன்றைச் செருகினான். மேசையில் வைத்துவிட்டு, "இஞ்ச ஆரும் இருந்தா லைட்டை எரியுங்கோ" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் ஐந்து லைட்டும் ஒருக்கால் மின்னி அடங்கின. வீட்டுக்காரி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் குனிந்து பார்த்தேன். குத்தி மெல்லச் சறுக்குகிறது. சறுக்கும்போது தொடுப்பு விட்டு மறுபடி படுகிறது. இந்த மீட்டர் ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும் ஐந்து லைட்டையும் ஒருக்கால் மின்னிக் காட்டும். விசயம் அவ்வளவுதான். குத்தியை எடுத்துவிட்டு றப்பர் பாண்ட் சுற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மேசைக்கு ஒருவரும் வரவில்லை.

பெட்டியில் இருந்த மற்றச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தூர இருந்து சூடு அளக்கிற துவக்கு ஒன்று: அது அளப்பது எதிரே இருக்கும் சுவரின் சூட்டை, இடையில் இருக்கும் காற்றை அல்ல. "குளிர்ந்த ஆவி நிற்குது" என்று காற்றில் நீட்டுவதில் பிரயோசனம் இல்லை. பிறகு ஆவிப் பெட்டி. எஃப்எம் நிலையங்களை நிற்காமல் தாவித் தாவிப் போகிற ஒரு ரேடியோ. இரைச்சலுக்கு நடுவே வந்து விழுகிற துண்டுச் சொற்கள்தான் ஆவியின் பதிலாம். 2002-இல் ஃபிராங்க் சம்ப்ஷன் என்ற அமெரிக்கர் முதலில் செய்தது இந்த வகைப் பெட்டி. "உங்கட பேர் என்ன?" என்று மருமகன் கேட்க, பெட்டி ஒரு நகைமாடத்தின் பெயரைச் சொன்னது. "எப்ப செத்தனீங்கள்?" என்றதற்குச் சிங்களத்தில் காலநிலை. காசு கொடுத்து வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கிற பழைய ரேடியோவின் குமிழைத் திருகினாலே போதும்.

நல்லூரில் இருக்கிற பழைய மந்திரி மனைக்குப் பின்னேரம் போனோம். அங்கிருந்து யமுனா ஏரிக்குச் சுரங்கம் போகிறது என்று சின்ன வயதில் கேட்ட கதையை நானும் சொன்னேன், அவன் கண் விரியக் கேட்டான். உள்ளே மீட்டர் ஒற்றைப் பச்சையோடு பேசாமல் நின்றது. கரண்ட் இல்லாத கட்டடத்தில் வேறு என்ன காட்டும்? திடீரென்று சிவப்பு வரை ஓடியது. ஒரு விநாடி எனக்கும் முதுகு சில்லிட்டதை மறைக்கவில்லை. அடுத்த விநாடி அவன் பொக்கற்றில் போன் அடித்தது. என் அக்கா. "சாப்பிட வாறியளோ?" மணி அடிக்க முதலே போன் அலை அனுப்பத் தொடங்கிவிடும், மீட்டர் அதைப் பிடித்துவிடும். இந்தச் சாமானோடு போகிறவர்கள் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் வீடியோ எடுப்பதே போனில்தானே.

இந்த இடத்தில் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். தொண்ணூறுகளில், லைட் என்ற பேச்சே இல்லாத காலத்தில்தான் இங்கே பேய்க்கதை கூட. பனங்கூடலில் கொள்ளிவாய்ப் பேய், ஒழுங்கை முடக்கில் முனி, புளியமரத்தில் மோகினி. அப்போது இந்த மீட்டரைக் கொண்டு ஊர் முழுக்கச் சுற்றியிருந்தாலும் ஒற்றைப் பச்சைதான் எரிந்திருக்கும். கரண்ட் வந்து, ஒழுங்கைக்கு லைட் போட்ட பிறகு பேய் குறைந்தது, மீட்டருக்கு வேலை கூடியது. அப்படியென்றால் இது அளப்பது எதை? அவன் விடவில்லை. காந்தப்புலம் மூளையைத் தாக்கித்தான் பக்கத்தில் ஆள் நிற்பது போலத் தோன்றுகிறது என்று கனடாவில் ஒரு பேராசிரியர் கண்டுபிடித்திருக்கிறாராம். இரண்டு இரவு இருந்து தேடிப் படித்தேன். ஆள் உண்மைதான்: சட்பரியில் மைக்கேல் பெர்சிங்கர். ஒரு தலைக்கவசத்தில் மெல்லிய காந்தப்புலம் கொடுத்துப் பார்த்தவர், பலர் யாரோ நிற்பது போல இருந்தது என்று சொன்னார்கள். ஆனால் சுவீடனில் உப்சாலாவில் இருந்தவர்கள் அதையே, புலம் இருக்கிறதா இல்லையா என்று போட்டவருக்கும் போடுவித்தவருக்கும் தெரியாமல், செய்து 2005-இல் வெளியிட்டார்கள். புலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் இல்லை. எளிதில் நம்புகிற ஆட்களுக்கு வெறும் கவசமே போதுமாக இருந்தது.

எனக்குப் பிடித்த பேய்க்கதை வேறு. இங்கிலாந்தில் விக் டான்டி என்ற பொறியியலாளர், மருத்துவக் கருவி செய்கிற ஆய்வுகூடத்தில் இரவில் தனியாக இருக்கும்போது வேர்த்து, பயம் பிடித்து, கண் ஓரத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டார். அடுத்த நாள் வாள்வீச்சுப் போட்டிக்கு வாளைத் திருத்த அங்கேயே குறட்டில் பூட்டினார், வாள் தானாகத் துடித்தது. ஆள் ஓடவில்லை, வாளைக் கூடக்குறைய நகர்த்தி எந்த இடத்தில் துடிப்புக் கூட என்று பார்த்தார். புதிதாகப் பூட்டிய விசிறி ஒன்று காதுக்குக் கேட்காத 19 ஹேர்ட்ஸ் அளவில் அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998-இல் எழுதி வெளியிட்டார். எல்லாப் பேயும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவன் பயந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வாளில் இருக்கிறது.

இனி இந்த மீட்டருக்கு நான் மதிப்புக் கொடுக்கிற சம்பவம். கொக்குவில் பக்கம் ஒரு நாற்சார் வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில். பக்கத்து வளவு ஆச்சிதான் திறப்பு வைத்துக் கூட்டித் துப்புரவாக்குகிறவ. ஆறேழு மாதமாக அந்த வீட்டுக்கு மாதம் எண்பது யூனிட்டுக்குக் குறையாமல் பில் வருகிறது. ஆளில்லை, பிரிட்ஜ் இல்லை, லைட் எல்லாம் நிப்பாட்டித்தான் இருக்கிறது. "ராவில கிணத்தடியில ஆரோ நிக்கினம் தம்பி. பைப்பில கை வச்சா விறைக்குது. செத்துப்போன பெரியவர் அங்கதான் குளிக்கிறவர்" என்றா ஆச்சி.

இரவு பத்து மணிக்குப் போனோம். மருமகன் மீட்டரோடு முன்னால், நான் ரோச் லைட்டோடு பின்னால். குசினிச் சுவரில், மோட்டர் சுவிச்சுக்குக் கீழே, சிவப்பு. சுவிச் நிப்பாட்டித்தான் இருந்தது. அங்கிருந்து நிலத்தோடு பிடித்துக்கொண்டு போக மஞ்சள், மஞ்சள், மஞ்சள். இரண்டு பக்கமும் விலகினால் பச்சை. குசினியிலிருந்து கிணற்றடிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போல. "மாமா, இது நடந்து போகுது!" என்று அவன் குசுகுசுத்த குரல் இன்னும் காதில் இருக்கிறது. மோட்டர் அறையடியில் மறுபடி சிவப்பு.

நான் அவனைப் பைப்பில் தொடாதே என்று மறித்துவிட்டு மெயினை இறக்கினேன். சிவப்பு அணைந்தது. பெரியவர் மெயின் சுவிச்சுக்குக் கட்டுப்பட்டவர் என்றால் எனக்கு வேலை சுகம்.

கணக்கு நேராகவே வருகிறது. அரை அம்பியர் கரண்ட் மண்ணுக்குள் கசிந்தால் 230 வோல்ட்டுக்கு 115 வாட். இருபத்திநாலு மணி நேரமும் முப்பது நாளும் கசிந்தால் 83 யூனிட். அடுத்த நாள் காலையில் கிண்டினோம். சாதாரண வயரை அரை அடி ஆழத்தில் பைப் இல்லாமல் தாட்டிருக்கிறார்கள். கிணற்றடிக்குக் கிட்ட ஒரு மூட்டு, இன்சுலேசன் ரேப் சுற்றியது, எலி கடித்து ஈர மண்ணோடு கிடந்தது. அதோடு சுவிச்சை லைவில் (கரண்ட் வருகிற வயர்) போடாமல் நியூற்றலில் (திரும்பிப் போகிற வயர்) போட்டிருக்கிறார்கள். மோட்டர் நின்றாலும் லைவ் கிணறு வரை போய்க்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச்சும் இல்லை, இருந்திருந்தால் 30 மில்லிஅம்பியரிலேயே விழுந்திருக்கும். ஆச்சி ஒரு நாள் ஈரக்காலோடு அந்தப் பைப்பை இறுக்கிப் பிடித்திருந்தால் கிணற்றடியில் இரண்டாவது பேய்க்கதை தொடங்கியிருக்கும். லைவும் நியூற்றலும் சோடியாகப் போனால் ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். போன கரண்ட் அதே வயரால் திரும்பாமல் மண்ணுக்குள் போனால்தான் இப்படி நீளத்துக்குக் காட்டும். வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரும், வயரின் காப்பைச் சோதிக்கிற மெகரும் என்னிடம் இருக்கின்றன, ஆனால் நிலத்துக்கு மேலே நடந்துகொண்டே பாதை பிடிக்க அவை உதவாது. இந்த நகல் மீட்டர் பிடித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்.

திரும்பிப் போக முதல் நாள் செம்மணிக்குப் போவோமா என்று கேட்டான். 2025-இல் அங்கே சித்துப்பாத்திச் சுடலையில் புதைகுழியிலிருந்து எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தார்கள், குழந்தைகளுடையவையும், ஒரு பள்ளிக்கூடப் பையும். அங்கே லைட் எரிகிறதா என்று பார்க்க நான் வரமாட்டேன் என்றேன். அவனும் மறுபடி கேட்கவில்லை. அன்று இரவு மொட்டைமாடியில் படுத்திருந்தோம். வரிசையாக ஊர்ந்துபோன வெளிச்சப் புள்ளிகளைக் காட்டி ஸ்டார்லிங்க் செய்மதி என்றான் அவன். எங்கள் காலத்தில் வானத்தில் வெளிச்சம் என்றால் சண்டையில் சுட்டுவிடுகிற பரா லைட், கண்டால் பங்கருக்குள் ஓடுவோம் என்றேன்.

வாங்கலாமா என்றால்: பேய்க்கென்று வாங்குகிறவர் ஏழாயிரத்தைக் கோயில் உண்டியலில் போடலாம். வயர்மன்மார் யாருக்காவது மலிவாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஆனால் இதில் பச்சை எரிகிறது என்று நம்பி வயரில் கை வைக்காதீர்கள். கரண்ட் ஓடாத லைவ் வயருக்கு இது வாயே திறக்காது. அதற்கு முந்நூறு ரூபாய் ரெஸ்டர்தான். பட்டரியைக் கழற்றி வையுங்கள், வயர் மெல்லிசு.

மருமகன் மீட்டரை எனக்கே தந்துவிட்டுப் போனான், றப்பர் பாண்டோடு. கொக்குவில் வீட்டுக்கு அடுத்த மாதப் பில் நாலு யூனிட். கசிவு இன்னும் கொஞ்சம் இருக்கிறதோ என்று மீட்டரோடு போய் வளவெல்லாம் தேடினேன், ஒன்றும் இல்லை. ஆச்சியைக் கேட்டேன்.

"அது நான்தான் தம்பி, பொழுதுபட விறாந்தை லைட்டைப் போட்டுவிடுறனான். அவை வந்தா இருட்டுக்க நிக்கிறதே?"