மொரிஸ் மைனருக்கு ஏசி: திருகோணமலைக் கராஜ் ஒன்றில் ஒன்பது நாள்

எங்கள் வீட்டில் இருப்பது மொரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார். 1098 சிசி இயந்திரம், 48 குதிரைவலு. உப்புவெளிக்கும் நகருக்கும் இடையே மட்டும் ஓடியிருந்தால் அதற்கு ஏசி பூட்ட நினைத்திருக்கவே மாட்டேன். ஆனால் மாதம் ஒருமுறை அம்மாவைக் கண்டிக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கந்தளாயைத் தாண்டி ஹபரணைக் காட்டு வீதியில் கண்ணாடியைத் திறந்தால் அனல் வீசுகிறது, மூடினால் மூச்சு முட்டுகிறது.

முதலில் விசாரித்த இரண்டு இடங்களில் ஏசி வாயுவை அழுத்தும் கொம்பிரசர் எது வேண்டும் என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்கினார்கள். கண்டி வீதியை அண்டிய இந்தக் கராஜின் மூத்த மெக்கானிக் பொனற்றைத் திறந்து, காருக்கு மின்சாரம் தரும் டைனமோவைத் தொட்டுக் காட்டி, “தம்பி, இது இருக்கும் வரைக்கும் ஏசியைப் பற்றிப் பேசிப் பயனில்லை” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வண்டியை அங்கு விட்டேன். மைனரின் டைனமோ நல்ல வேகத்தில் ஓடும்போது அதிகபட்சம் 22 அம்பியர் மின்னோட்டம் தரும்; வண்டி நின்றபடி இயங்கும்போது ஏறக்குறைய ஒன்றுமே தராது. ஏசியின் உள் விசிறி, வாயுவின் சூட்டை வெளியேற்றும் கொண்டென்சரின் விசிறி, கொம்பிரசரின் மின்காந்தக் கிளச் ஆகிய மூன்றும் சேர்ந்தாலே 20 அம்பியரை நெருங்கிவிடும், இரவில் முன்விளக்கும் எரிய வேண்டும். ஆகவே முதல் மூன்று நாட்கள் ஏசி வேலை எதுவும் நடக்கவில்லை. டைனமோவை எடுத்து, அதைவிடக் கூடிய மின்சாரம் தரும் ஓல்டனேற்றர் பூட்டினார்கள். அதற்கு ஏற்றபடி, பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்திருந்த பழைய முறையை மாற்றி எதிர்முனையை இணைத்தார்கள். இக்னிஷன் கொயிலின் இரு வயர்களையும் மறக்காமல் இடம் மாற்றினார்கள்.

கொம்பிரசர் சிறிய ஜப்பானியக் கார் ஒன்றிலிருந்து வந்த ரீகண்டிஷன் பொருள். பெரியதைப் பூட்டியிருந்தால் 48 குதிரைவலுவில் பெரும் பங்கை அதுவே இழுத்திருக்கும். மைனரின் பொனற்றுக்குள் இடம் தாராளம் என்பதால், இயந்திரத்தின் கிராங்கில் பெல்ட் ஓடும் இரண்டாவது கப்பி ஒன்றைச் சேர்த்துத் தனிப் பெல்டில் அதை ஓட்டுவது சிரமமாக இருக்கவில்லை. காருக்குள் குளிர்காற்றை விடும் குளிர்ப்பெட்டியை டாஷ்போர்டின் கீழே, இடப்பக்க இருக்கைக்கு எதிரே தொங்கவிட்டார்கள். டாஷ்போர்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. குழாய்களின் வாய்களைப் பொருத்தும் நிமிடம் வரை மூடியே வைத்திருந்ததையும் கவனித்தேன். ஏசியில் நிரப்பும் ஆர்-134ஏ வாயுவோடு பயன்படும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக் கூடியது. கடலை அண்டிய எங்கள் ஊரில் இந்தக் கவனம் மிக அவசியம். வாயு நிரப்பும் முன் முக்கால் மணிநேரம் வெற்றிடம் இழுத்து, கசிவு இருக்கிறதா என்று அறிய, பம்பை நிறுத்திய பின்னும் அளவுமானியின் முள் அசைகிறதா என்று பொறுமையாகப் பார்த்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். வண்டியை எடுத்த அன்றே நிலாவெளி வீதியில் இயந்திரச் சூடு ஏறத் தொடங்கியது. மைனருக்குத் தொழிற்சாலையிலிருந்து வெப்பமானி வருவதில்லை. நான் முன்னரே ஒன்று பொருத்தியிருந்ததால்தான் அதை அறிந்தேன், இல்லாவிட்டால் சிலிண்டர் ஹெட்டின் அடைப்புத் தகடான கஸ்கெற் போயிருக்கும். வண்டியை நிறுத்தி முன் கிறில்லின் எதிரே ஒரு தாளைப் பிடித்தேன். உள்ளே இழுக்கப்பட வேண்டிய தாள் வெளியே தள்ளப்பட்டது. பற்றரி முனைகளை மாற்றிய குழப்பத்தில் கொண்டென்சர் விசிறியின் வயர்களும் மாறிப்போய், விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் அரைமணி நேரத்தில், பணம் கேட்காமல் சரிசெய்தார்கள். ஆயினும், வண்டியைக் கொடுக்கும் முன் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்திருந்தாலே போதும். இது நடந்திருக்கவே கூடாத தவறு.

இப்போது 35 பாகை வெயிலில் ஓடும்போது குளிர்ப்பெட்டியின் வாயில் 9 பாகை காட்டுகிறது, சந்தியில் நின்றால் 16 வரை ஏறுகிறது. ஆனால் முதல் வாரம் காருக்குள் அந்தக் குளிர் தங்கவே இல்லை. பெடல்கள் நுழையும் துளைகளும் கியர் தடியின் பிய்ந்த ரப்பர் உறையும் இயந்திரச் சூட்டை நேரே உள்ளே விட்டுக்கொண்டிருந்தன. அவற்றை அடைத்து, கதவு ரப்பர்களை மாற்றி, தரையில் வெப்பத் தடுப்பு விரிப்பும் போட்ட பிறகே அம்மா பின் இருக்கையில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டார். இந்த வேலையைக் கராஜ்காரர்கள் தாங்களாகச் சொல்லவில்லை. ஏசி பூட்ட வண்டியை விடுபவர்கள் முதல் நாளே கேட்டுச் செய்வித்துக்கொள்வது நல்லது.

ஓல்டனேற்றர் உட்பட மொத்தச் செலவு 315,000 ரூபா. ஏசி ஓடும்போது ஏற்றத்தில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கிறது. முந்திச் செல்லும்போது அதை நிறுத்திவிடுகிறேன். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பதால் கொண்டென்சரை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார்கள், செய்து வருகிறேன். கழற்றிய டைனமோவையும் அதன் பட்டியையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி என்னிடமே திருப்பித் தந்தார்கள்.