ரெமிங்டன் 700-க்கு ஸ்கோப் மவுண்ட்: எந்த பேஸ், எந்த ரிங், எவ்வளவு முறுக்கு

ஆயிரம் டாலர் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) முப்பது டாலர் ரிங்கில் (அதைப் பிடிக்கும் வளையம்) மாட்டுகிற வியாபாரம் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் சர்வசாதாரணம். யானை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கதைதான். பிறகு குறி விலகினால் பழி முதலில் ஸ்கோப் மேல் விழும், அடுத்து தோட்டா மேல், கடைசியில் சுட்டவர் தோள்மேல். ரிங்குக்கு அடியில் கால் சுற்றுத் தளர்ந்து கிடக்கும் ஸ்க்ரூவை யாரும் கேட்பதில்லை.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ரெமிங்டன் 700. 1962இல் வந்த, போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள். பெர்காரா பி-14 மாதிரி பின்னால் வந்த பலவும் இதே பேஸ் (ரெசீவர்மேல் உட்கார்ந்து ரிங்கைத் தாங்கும் அடித்தளம்) வடிவத்தை எடுத்துக்கொண்டதால் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக்குக் கதவடைத்தாயிற்று. ஆகவே இது அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து பக்கம் உரிமத்தோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு.)

இதன் ரெசீவர், அதாவது போல்ட் ஓடும் உடற்பகுதி, உருண்டை. விட்டம் 34 மி.மீ.க்குச் சற்று மேல். பேஸ் முட்டி நிற்க மேற்புறத்தில் படியோ பள்ளமோ கிடையாது. பிடித்து வைப்பவை பெரும்பாலும் நான்கே நான்கு 6-48 ஸ்க்ரூக்கள்: 3.5 மி.மீ. தடிமன், அங்குலத்துக்கு 48 மரை. சுட்டதும் துப்பாக்கி பின்னால் பாய்கிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. துப்பாக்கியை வைத்துச் சொன்னால், ஸ்கோப் முன்னால் நழுவப் பார்க்கிறது. அந்த இழுப்பைத் தாங்குவது பேஸுக்கும் ரெசீவருக்கும் இடையிலுள்ள உராய்வு மட்டுமே. உராய்வு தோற்றால் பாரம் ஸ்க்ரூவின் கழுத்தில் இறங்கும். .308 தோட்டாவுக்கும் 450 கிராம் ஸ்கோப்புக்கும் இந்த ஏற்பாடு தாராளம். உதைப்பு கூடிய .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 900 கிராம் ஸ்கோப்பை ஏற்றுவதாக இருந்தால், துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் கொடுத்துத் துளைகளை 8-40 அளவுக்கு, அதாவது 4.2 மி.மீ.க்கு, பெரிதாக்கிக்கொள்வது நல்லது. ஸ்க்ரூவின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடிவிடும்.

மவுண்ட் தேர்வில் முதல் கேள்வி: ரெசீவருக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் எத்தனை மூட்டு? ஒவ்வொரு மூட்டும் தளரக்கூடிய ஓர் இடம்.

அந்தக் கணக்கில் முன்னால் நிற்பது டாலி லைட்வெயிட் என்ற மவுண்ட். பேஸும் ரிங்கின் கீழ்ப்பாதியும் ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்தவை, மேல்மூடி மட்டும் தனி. ரெயிலைக் கவ்வும் தாடை, குறுக்கு போல்ட் எதுவும் இல்லை. எடையும் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மலையேறி வேட்டையாடுகிறவருக்கு வேறு எதுவும் தேவைப்படாது. குறையும் அதே வடிவத்திலிருந்துதான் வருகிறது. ரிங் நிற்கும் இடத்தை நகர்த்த முடியாது. குழாய் குட்டையான ஸ்கோப் என்றால் முன்ரிங்கும் பின்ரிங்கும் எட்டாமல் போகலாம். நீட்டிய வடிவம் தனியாக விற்கிறார்கள், வாங்குமுன் ஸ்கோப்பின் மவுண்டிங் நீளத்தை அளந்துகொள்ள வேண்டும். ஸ்கோப் ஏறிவிட்டால் பேஸ் ஸ்க்ரூவை எட்டவும் முடியாது. முதல் தடவையே சரியாக முறுக்கியிருக்க வேண்டும்.

ஒரே துண்டு பிகாட்டினி ரெயில் (குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய நீளப் பட்டை) கனமான ஸ்கோப்புக்கு உகந்தது. பள்ளங்கள் வரிசையாக இருப்பதால் ரிங்கை முன்னும் பின்னும் நகர்த்திக் கண்ணுக்குத் தோதாக வைக்கலாம். ஆனால் தோட்டா போடும் வாசலுக்கு மேலே ஒரு பாலம் வந்துவிடுகிறது. மேலிருந்து ஒவ்வொன்றாகத் தோட்டா திணிக்கும் மாடலில், நவம்பர் குளிரில் கையுறையோடு அந்த இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். கழற்றி மாட்டும் மேகசின் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வீவர் என்ற இன்னொரு வகை ரெயிலும் பிகாட்டினியும் ஒன்று என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். 1995இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிகாட்டினியில் பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., நடுவுக்கு நடு 10.01 மி.மீ. வீவர் பள்ளம் 4.57 மி.மீ.தான், இடைவெளியும் நிலையானதல்ல. வீவர் ரிங் பிகாட்டினி ரெயிலில் உட்காரும். பிகாட்டினி ரிங்கின் குறுக்குத் தண்டு வீவர் பள்ளத்துக்குள் இறங்காது.

20 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வுள்ள ரெயிலை விற்கப் பார்ப்பார்கள். 100 மீட்டரில் 20 எம்.ஓ.ஏ. என்பது 58 செ.மீ. 300 மீட்டருக்குள் சுடும் மான் வேட்டைக்கு அது வேண்டியதில்லை. மொத்தமே 40 எம்.ஓ.ஏ. ஏற்ற இறக்கம் கொண்ட ஸ்கோப்பை அதில் ஏற்றினால், கீழே இறக்கக் கிடைக்கும் 20-ஐயும் ரெயிலே தின்றுவிடும். 100 மீட்டரில் ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும் நிலை) கிடைக்காமல் டரட் (குறியை நகர்த்தும் குமிழ்) முட்டி நிற்கும்.

துளைகள் நேர்கோட்டில் இல்லாத துப்பாக்கிக்கு பர்ரிஸ் சிக்னேச்சர் ஸீ என்ற ரிங். ரிங்கின் உள்ளே உருண்டை வெளிப்புறம் கொண்ட பாலிமர் செருகிகள் இருக்கின்றன. முன்ரிங்கும் பின்ரிங்கும் கொஞ்சம் கோணலாக நின்றாலும் செருகி சுழன்று குழாயோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கோப்பில் ரிங் தழும்பு விழாது. மையம் விலகிய செருகிகளும் உண்டு. 0.25 மி.மீ. விலகலை ஒரு ரிங்கில் மட்டும் போட்டு, ரிங்குகளுக்கிடையே 100 மி.மீ. தூரம் என்றால், 100 மீட்டரில் குறி 25 செ.மீ. நகரும். டரட்டைத் தொடாமலே கோணலைச் சரிசெய்துவிடலாம். பார்வைக்கு ரிங் கொஞ்சம் குண்டு. அழகு பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான்.

லியூபோல்ட் ஸ்டாண்டர்ட் வகை பழைய ரெட்ஃபீல்ட் வடிவம். முன்ரிங் கால் சுற்றுத் திருகி உள்ளே போகும். பின்ரிங்கை இரு பக்கமும் இரண்டு பெரிய ஸ்க்ரூ நெருக்கிப் பிடிக்கும். பார்க்க லட்சணமானது. ஆனால் முன்ரிங்கைத் திருக ஸ்கோப்பையே கடப்பாரை மாதிரி பிடித்துத் திருப்புகிறவர்களால்தான் அதற்குக் கெட்ட பெயர். ரிங்கில் ஒரு அங்குல உருளைக் கட்டையைப் போட்டு, அதைக் கொண்டு திருக வேண்டும். பின்பக்க ஸ்க்ரூவைப் பலமுறை இடம் வலமாக மாற்றினால் முன்பக்கப் பிடியும் தேய்ந்துபோகும். புதிதாக வாங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. முன்னும் பின்னும் திருகி உட்காரும் டூயல் டவ்டெயில் (டவ்டெயில் என்பது புறாவால் வடிவச் சரிவு வெட்டு) இதைவிட மேல்.

நெம்புகோலால் கழற்றி மாட்டும் வார்ன் மாக்ஸிமா எஃகு, செங்குத்தாகப் பிளந்தது. மழையில் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு இரும்புக் குறியால் (குழல்மேலுள்ள சாதாரணக் குறி) சுட வேண்டியவருக்கு அது பயன்படும். இரும்புக் குறியே இல்லாத துப்பாக்கியில் நெம்புகோல் வெறும் அலங்காரம்.

ஐரோப்பியத் துப்பாக்கிகளின் கதை வேறு. டிக்கா டி3எக்ஸில் ரெசீவரிலேயே 17 மி.மீ. டவ்டெயில் வெட்டியிருக்கிறது; தடுப்பு முளை உள்ள ரிங்காகப் பார்த்து வாங்கினால் பேஸே வேண்டாம். சாக்கோவின் டவ்டெயில் ஒரு முனையில் குறுகுவது, உதைப்பில் தானே இறுகும்.

அடுத்து உயரம். லோ, மீடியம், ஹை என்ற சொற்களுக்குப் பொது அளவு கிடையாது. ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய லோ. சிலர் பேஸின் மேற்பரப்பிலிருந்து குழாயின் நடுவுவரை அளக்கிறார்கள், சிலர் குழாயின் அடிவரை. மி.மீ. எண்ணைக் கேட்க வேண்டும், எங்கிருந்து எங்குவரை என்றும் கேட்க வேண்டும். 50 மி.மீ. முன்கண்ணாடி கொண்ட ஸ்கோப்பின் முன்மணி (விரிந்த முன்முனை) வெளிவிட்டம் 57 மி.மீ. என்று வைப்போம்; பாதி 28.5. அந்த இடத்தில் துப்பாக்கிக் குழல் 20 மி.மீ. தடிமன் என்றால் பாதி 10. நடுவில் 3 மி.மீ. இடைவெளி. ஆகக் குழலின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடுவுவரை 41.5 மி.மீ. வேண்டும். ரெசீவரின் பாதி 17, பேஸ் தடிமன் 6 என்று அளந்தால் 23 போய்விடும். மிச்சம் 18.5 மி.மீ., அதுதான் நடுவரை அளந்த ரிங் உயரம். 30 மி.மீ. குழாயின் அடிவரை அளப்பவரிடம் இதே ரிங் 3.5 மி.மீ. என்று எழுதியிருக்கும். லென்ஸ் மூடி போடுவதானால் அதன் தடிமனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது கண்பக்கத்து முனையில் இடிக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். முன்பக்கம் தப்பித்து இங்கே மாட்டிக்கொள்வது உண்டு. தேவைக்குமேல் உயரமான ரிங் வாங்கினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையை விட்டு எழும்பிவிடும்.

மாட்டும் வேலைக்கு முன் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து போல்ட்டை வெளியே எடுக்க வேண்டும். துளைகளையும் ஸ்க்ரூக்களையும் ரெசீவர் மேற்பரப்பையும் அசிட்டோனால் துடைத்து எண்ணெய் போக்க வேண்டும்; உராய்வுதான் எல்லாவற்றையும் தாங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். 700-இல் ரெசீவரின் பின்பாலம் முன்வளையத்தைவிடத் தாழ்ந்தது, அதனால் பின் பேஸ் தடிமனாக இருக்கும். இரட்டைத் துண்டு பேஸில் முன்பின் மாற்றிப் போட்டுவிட்டு ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

ரெயிலின் முன்பக்க ஸ்க்ரூக்களை மட்டும் முறுக்கி, பின்பக்கத்தில் ஏ4 தாளிலிருந்து வெட்டிய ஒரு துண்டை நுழைத்துப் பாருங்கள். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அது நுழைந்தால், பின் ஸ்க்ரூவை முறுக்கும்போது ரெயில் வளையும். வளைந்த ரெயில் ஸ்கோப் குழாயையும் வளைக்கும். ரிங்குகளுக்கிடையே 100 மி.மீ. தூரத்தில் 0.1 மி.மீ. சாய்வு என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ. அந்த இடைவெளியில் எபாக்சி பூசி, ரெசீவர் பக்கம் ஒட்டாதிருக்க மெழுகு தடவி, இறுக்காமல் காயவிடுவதுதான் பரிகாரம்.

முன்பக்கத் துளையில் இன்னொரு கண்ணி. ஸ்க்ரூ அரை மரை நீளமாக இருந்தாலும் உள்ளே குழலின் அடிப்பகுதியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், பேஸோ தளர்வாகவே இருக்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தனியாகப் போட்டு இறுக்கி, பேஸை ஆட்டிப் பார்ப்பது ஒன்றே இதற்குச் சோதனை. மற்றத் துளைகளில் நீளமான ஸ்க்ரூ போல்ட்டைத் தடுக்கும். போல்ட்டைப் போட்டுத் திறந்து மூடினால் உராய்வு கையில் தெரியும். அரை மரை அரம் போட்டால் தீர்ந்தது.

முறுக்கு: 6-48 பேஸ் ஸ்க்ரூவுக்கு 20 அங்குல-பவுண்டு, அதாவது 2.3 நியூட்டன் மீட்டர். 8-40-க்கு 25 முதல் 28. ரிங் மூடிக்கு 15 முதல் 18, சுமார் 2 நியூட்டன் மீட்டர். கனமான எஃகு ரிங்கின் குறுக்கு போல்ட்டுக்கு 65 வரை போகலாம், அலுமினியத்துக்கு அது அதிகம். தயாரிப்பாளர் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே கணக்கு. பேஸ் ஸ்க்ரூவில் நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். அது காயும்வரை எண்ணெய் மாதிரி வழுக்கும் என்பதால் அதே முறுக்கில் கூடுதலாக இறுகும். இரண்டு மூன்று எண் குறைத்துக்கொள்ளலாம். ரிங் மூடியில் லாக்டைட் வேண்டாம். பிகாட்டினியில் ரிங்கை முன்னால் தள்ளி, குறுக்குத் தண்டு பள்ளத்தின் முன்சுவரில் முட்டியபின் முறுக்க வேண்டும். பின்சுவரில் முட்டவிட்டால் முதல் சில குண்டுகளில் ஸ்கோப் முன்னால் நகர்ந்து ஜீரோ மாறும்.

கண் தூரத்தை, அதாவது கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியை, அதிக உருப்பெருக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு. குறுக்குக்கோட்டை நிமிர்த்த ஆடம்பரக் கருவி எதுவும் வேண்டாம்: பேஸ்மேல் ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியைச் சமப்படுத்தி, இருபது மீட்டரில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அந்த நூலோடு செங்குத்துக் கோட்டைப் பொருத்தினால் போதும். மூடி ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்க வேண்டும். இரு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கினால், நிமிர்த்திய கோடு கண்முன்னே சாய்வதைப் பார்க்கலாம்.

அளவுமீறி இறுக்கியதன் அடையாளம், உருப்பெருக்க வளையமோ பக்கவாட்டுக் குமிழோ கனமாகத் திரும்புவது. இன்னொன்று, டரட்டில் நான்கு கிளிக் போட்டும் குண்டு நகராமல், அடுத்த சூட்டில் மொத்தமாகத் தாவுவது. மூடியை 15-க்குத் தளர்த்தியதும் இது போய்விட்டால் ஸ்கோப் பிழைத்தது. ரிங்குக்குள் பொடி போட்டுத் தேய்க்கும் லாப்பிங் குறுக்காகப் பிளந்த ரிங்குக்குத்தான். பாலிமர் செருகி ரிங்கையும் செங்குத்துப் பிளவு ரிங்கையும் தேய்த்தால் கெடும்.

கடைசியாக, ரிங்கின் விளிம்பிலிருந்து ஸ்கோப் குழாய்மேல் இறங்குமாறு நகப்பூச்சால் ஒரு கோடு, பேஸிலிருந்து ரெசீவர்மேல் இன்னொரு கோடு. இருபது குண்டு சுட்டபின் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மேல்கோடு முறிந்திருந்தால் ரிங்கில் வழுக்கல், கீழ்க்கோடு முறிந்திருந்தால் பேஸ். இரண்டும் முழுசாக இருந்தும் குறி சிதறினால், ஸ்கோப்பைத் தொடுமுன் கட்டைக்கும் ரெசீவருக்கும் இடையிலுள்ள இரண்டு ஸ்க்ரூக்களில் டார்க் ரெஞ்சை (முறுக்கு அளவு காட்டும் சாவி) வையுங்கள்.